கால் ஏக்கர் கண்ணி

ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தென்மேற்கு மலைச்சரிவுகளில் மக்காச்சோளம் ஆளுயரம் தாண்டி நிற்கும். சோயாவில் காய் பிடித்திருக்கும். விதைப்பு வேலையை விவசாயிகள் எப்போதோ முடித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மார்பில் விதைப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஓக் மரங்களுக்கு நடுவே நடந்துபோகிறார். காட்டுக்குள் சின்னதாக ஒரு வெட்டவெளி. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, டர்னிப்பும் முள்ளங்கியும் விதை விதையாய் விசிறி விழுகின்றன. அந்த முள்ளங்கியில் ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை. வேலி போட மாட்டார், காவல் வைக்க மாட்டார். மேய வருகிறவர்களுக்காகவே வைக்கும் பயிர் அது.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதை 'ஃபுட் பிளாட்' என்கிறார்கள். நாம் மான் கொல்லை என்று வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு சாதி உண்டு. இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று விரிந்த நிலத்தில் போடுவது ஒன்று. குளிர்காலம் முழுக்க மான்கள் வந்து வயிறு நிரப்பிக்கொள்ள அது. இன்னொன்று கால் ஏக்கர், மிஞ்சினால் அரை ஏக்கர். நம் கணக்கில் 25 சென்ட், 50 சென்ட். இந்தச் சின்னதற்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் 'கில் பிளாட்'. ஒளிவுமறைவு இல்லாத பெயர்தான். மானின் பசியைத் தீர்ப்பது இதன் வேலை இல்லை; வில்லுக்கு எட்டும் தூரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே, மானை ஒரு நிமிடம் நிற்கவைப்பதுதான் வேலை.

தினைப்புனத்துக்குப் பரண் கட்டிக் காவல் இருந்த வழியில் வந்தவர்களுக்கு, ராத்திரியெல்லாம் டப்பா தட்டி மானையும் பன்றியையும் விரட்டும் மலையடிவார விவசாயிகளுக்கு, இது தலைகீழ் விவசாயமாகத்தான் தெரியும். இங்கேயும் பரண் உண்டு. மேலே ஏறி உட்கார்ந்தவர் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டார் என்பதுதான் வித்தியாசம்.

அழிவின் விளிம்பிலிருந்து அளவுக்கு மீறி

இப்படியொரு விவசாயம் எப்படி முளைத்தது என்று கேட்டால், நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும். வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் மான், வெள்ளைவால் மான். மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும். அடிப்பக்கத்து வெண்மை பளிச்சென்று தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தை வியாபாரிகள் இதை வரைமுறையின்றிச் சுட்டுத் தள்ளினார்கள். 1900 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 5 லட்சம் மான்களே மிஞ்சின என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதைத் தடுக்கும் லேசி சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரிப்பணத்தைக் காட்டுயிர்ப் பணிக்குத் திருப்பிவிட்டது. மான் அற்றுப்போன மாநிலங்களுக்கு வேறு மாநிலங்களிலிருந்து பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். விஸ்கான்சின் மான்கள் ஜார்ஜியா வரை பயணம் போயின.

இன்று எண்ணிக்கை சுமார் 3 கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் ஒழிந்துவிட்டன. கைவிட்ட பண்ணைகளில் புதர் மண்டியது. புறநகர்த் தோட்டங்களில் ரோஜாவும் துலிப்பும் பூத்தன. மானுக்குக் கொண்டாட்டம். சாலையில் மான்மீது மோதும் வாகனங்கள் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும்.

இந்தப் பெருக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முன்கூட்டியே பார்த்தவர் ஆல்டோ லியோபோல்ட். 1933-இல் வந்த 'கேம் மேனேஜ்மென்ட்' நூலில், வேட்டை விலங்குகளும் நிலத்தில் ஆண்டுதோறும் விளைவிக்கக்கூடிய மகசூல்தான் என்ற எண்ணத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர். அதே ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையின் பேராசிரியரானார். பத்து ஆண்டு கழித்து மாநில இயற்கைவளக் குழுவில் உறுப்பினராகி, காட்டைக் காப்பாற்றப் பெண் மான்களையும் சுட்டாக வேண்டும் என்றார். 1943 வேட்டைப் பருவத்தில் அது நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் விழுந்தன. ஊர் கொதித்தது. "43-இன் குற்றம்" என்று பெயர் வைத்தே திட்டினார்கள். ஆண் மானைச் சுட்டால் வீரம், பெண் மானைச் சுட்டால் பாவம் என்ற எண்ணம் அந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது. இன்றும் முழுதாகப் போகவில்லை.

மான் கொல்லை ஊர் ஊராகப் பரவியது 1980-களின் கடைசியில்தான். தூண்டில் மீன்பிடிப் போட்டிகளை நடத்திப் பெயர் வாங்கிய அலபாமாக்காரர் ரே ஸ்காட், மானுக்கென்றே, க்ளோவர் என்ற தீவனச் செடியின் தனி விதை விற்கும் கம்பெனியைத் தொடங்கினார். 1988-இல் தென் கரோலைனாவில் ஜோ ஹாமில்டன் தொடங்கிய அமைப்பு ஒன்று, இளம் ஆண் மான்களை விட்டுவைத்துப் பெண் மான்களைக் குறைக்கச் சொன்னது. தீவனத்தையும் நிலத்தையும் பற்றி வேட்டைக்காரர்களைப் பேசவைத்ததும் அதுதான். இப்போது தேசிய மான் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. லியோபோல்டின் எண்ணம் கடைசியில் கொம்புப் படம் போட்ட விதைப் பாக்கெட்டாக மாறிக் கடைக்கு வந்தது.

காற்று எந்தப் பக்கம்?

புதிதாகக் கொல்லை போடுகிறவர் முதலில் விதையைத் தேடிப் போவார். பழகியவர் காற்றைப் பார்ப்பார்.

மானின் நாள் ஒரு எளிய கணக்கு. பகலில் அடர்ந்த புதரில் படுத்து அசைபோடும். அந்தியில் எழுந்து மேயப் போகும். விடியலில் திரும்பும். அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஏதாவதொரு விவசாயியின் பெரிய சோயா வயல். ஆனால் வயதான ஆண் மான் இருட்டுவதற்கு முன் அந்த வெட்டவெளியில் கால் வைக்காது. காட்டின் ஓரத்தில், மரங்களுக்குள்ளேயே, கடைசி ஒரு மணி நேரத்தைக் கழிக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கால் ஏக்கர். படுக்கும் புதருக்கும் பெரிய வயலுக்கும் நடுவே, நாலா பக்கமும் மரம் சூழ்ந்த ஒரு சின்னப் பச்சைத் துண்டு. வழியில் டீக்கடை மாதிரி. போகிற போக்கில் நாலு வாய் கடித்துவிட்டுப் போக மானுக்கும் பயம் இருக்காது.

ஆகவே இடம் தேர்வதென்றால் தடம் பார்ப்பது. எந்தச் சரிவில் படுக்கின்றன, எந்த வரப்பு வழியாக இறங்குகின்றன, ஆண் மான்கள் எந்த மரத்தில் கொம்பை உரசியிருக்கின்றன என்று குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் நடந்து பார்க்க வேண்டும். முன்பு மரம் வெட்டியவர்கள் கட்டைகளை இழுத்துக் குவித்த களம் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். மரம் ஏற்கெனவே இல்லை, வெயில் விழும். நாலைந்து மணி நேர வெயிலாவது இல்லாத இடத்தில் எந்த விதையும் உருப்படாது.

அடுத்து, பரண். காற்று கொல்லையிலிருந்து பரண் பக்கம் வீச வேண்டும்; பரணிலிருந்து கொல்லைக்கு வீசினால் கதை முடிந்தது. மனித வாடையை மான் பிடித்துவிட்டால் அன்றைய மாலை மட்டும் போவதில்லை. மலைச்சரிவில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும். மாலையில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர்போலப் பள்ளத்துக்கு இறங்கும். வானிலை அறிக்கையில் வடமேற்குக் காற்று என்று போட்டிருந்தாலும், அந்தி நேரத்தில் பள்ளத்துக் கொல்லையில் நம் வாடை எங்கே போய்த் தேங்கும் என்பதை அந்தச் சரிவுதான் முடிவு செய்யும். அனுபவசாலிகள் எருக்கு போன்ற ஒரு செடியின் பஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு இழையைப் பறக்கவிட்டுப் பார்ப்பார்கள். அந்தச் செடியும் எருக்கின் குடும்பம்தான்.

சுடும் தூரத்தையும் கொல்லையின் வடிவமே தீர்மானிக்கிறது. வில்லுக்கு 20, 30 கெஜம்தான் நிச்சயமான தூரம். சதுரமாக வெட்டினால் மான் எதிர்மூலையில் நின்றுகொள்ளும். அதனால் நடுவில் இடுப்பு ஒடுங்கிய உடுக்கைபோலவோ, முழங்கைபோல வளைத்தோ வெட்டுகிறார்கள். ஒடுங்கிய இடத்தில் பரண்.

சுண்ணாம்பு முதல், விதை கடைசி

காட்டு மண் பெரும்பாலும் புளித்த மண். இலைச் சருகு ஆண்டாண்டாக மக்கிய இடத்தில் பி.ஹெச். 5-க்கு அருகில் இருப்பது சாதாரணம். க்ளோவருக்கும் டர்னிப்புக்கும் 6-க்கு மேல் வேண்டும். மண் பரிசோதனைக்கு அனுப்பாமல் உரத்தைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். புளித்த மண்ணில் அந்த உரத்தில் பெரும்பங்கைச் செடியால் எடுத்துக்கொள்ளவே முடியாது. ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு தேவை என்று முடிவு வந்தால், கால் ஏக்கருக்கு 18 கிலோ மூட்டையாக 25 மூட்டை. லாரி போகாத காட்டில் அதை நாலு சக்கர பைக்கில் ஏற்றியோ, தோளில் சுமந்தோ கொண்டுபோக வேண்டும். அதுவும் கரைந்து மண்ணை மாற்ற மாதக்கணக்காகும். இந்தப் பொழுதுபோக்கில் பாதிப் பேர் கழன்றுகொள்வது இந்த மூட்டைகளைப் பார்த்துத்தான்.

டிராக்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கோடையில் களைக்கொல்லி அடித்து இருக்கும் புல்லைச் சாகடிப்பது. மழை வருமென்று தெரிந்த நாளுக்கு முதல் நாள் விதையைத் தூவுவது. காய்ந்த புல்லை அதன்மேலேயே வெட்டிச் சாய்ப்பது. மூடாக்குக்குக் கீழே ஈரம் நிற்கும், முளைப்பு வரும். டர்னிப், முள்ளங்கி விதை கடுகளவுதான், ஆழமாகப் புதைத்தால் மேலே வராது. மண் கிளறிய இடமாக இருந்தால் வண்டிச் சக்கரத்தை மேலே ஓட்டி அமுக்கிவிட்டாலே போதும்.

கடுகுக் குடும்பத்துச் செடிகளை ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் போட்டாக வேண்டும். உறைபனி விழத் தொடங்கியதும் இலையில் இனிப்பு ஏறும். அதுவரை முகர்ந்துவிட்டுப் போன மான்கள் அப்புறம் தண்டு வரை மொட்டையடிக்கும். ரை, ஓட்ஸ், கோதுமை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். இவற்றில் ரை முரட்டுச் சாதி: ஏழை மண்ணில் முளைக்கும், பனிக்கடியில் பச்சையாக நிற்கும், கால் ஏக்கருக்குப் பத்துப் பதினொரு கிலோ இறைத்தால் போதும். முதன்முதலில் கொல்லை போடுகிறவருக்கு ரையும் வெள்ளை க்ளோவரும் சேர்ந்த கலவைக்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி. க்ளோவரின் வேர் முடிச்சில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும். அதை விதையோடு கலப்பது நம் பயறுகளுக்குச் செய்கிற அதே விதை நேர்த்திதான். க்ளோவர் ஒருமுறை ஊன்றிவிட்டால் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் கடைகளில் விற்பது வேறு. பாக்கெட்டின் முன்பக்கம் கிளை கிளையாகக் கொம்பு விரித்த மான். பின்பக்கம், 1939-ஆம் ஆண்டு விதைச் சட்டம் கட்டாயப்படுத்தும் சின்ன எழுத்துச் சீட்டு. அதைப் படித்தால் சிலவற்றில் பெரும்பங்கு மலிவான ரைகிராஸ் புல்லாக இருக்கும். மான் அதைப் பெரிதாக விரும்பாது. ஆனால் சீக்கிரம் பச்சைப்பசேலென்று முளைத்து, வாங்கியவரைத் திருப்திப்படுத்திவிடும்.

தென் மாநிலங்களின் விதைப் பட்டியலைப் பார்க்கும் தமிழருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. தட்டைப்பயறு, மொச்சை, சணப்பு. நாம் குழம்பு வைப்பதும், பசுந்தாள் உரமாக மடக்கி உழுவதும் அங்கே மானுக்குக் கோடைத் தீவனம். இதில் மொச்சையைப் பார்த்தால் மான்கள் சும்மா விடுவதில்லை. இளஞ்செடியிலேயே மேய்ந்து முடித்துவிடுவதால் சின்னக் கொல்லைக்கு அது ஒத்துவராது என்பார்கள். பயிரோடு மானும் போயிருக்கிறது. நம் ஊர்ப் புள்ளிமானை 1930-களில் டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் அந்த மானுக்கு, அங்கே 'வெளிநாட்டு விலங்கு' என்ற முத்திரை. தடை மாதம் கிடையாது, வருஷம் முழுக்கச் சுடலாம்.

பரண் மேலே

செப்டம்பர் நடுவில் வில் பருவம் தொடங்கும். கொல்லையில் பயிர் கணுக்காலைத் தாண்டியிருக்கும். நடுவே இரும்பு வலையை வளைத்துச் சின்னக் கூண்டொன்று நட்டிருப்பார்கள். கூண்டுக்குள் முழங்கால் உயரம், வெளியே தரையோடு தரை என்றால் மான்கள் வந்துபோகின்றன என்று அர்த்தம். இரண்டும் ஒரே உயரம் என்றால் இடத்தேர்வு தப்பு.

அக்டோபரில் பெரும்பாலும் ஒரு ஏமாற்றம் வரும். ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கத் தொடங்கும். வெள்ளை ஓக்கின் கொட்டையில் கசப்பு குறைவு. அது விழுகிற நாட்களில் முள்ளங்கியாவது க்ளோவராவது, மான் திரும்பிக்கூடப் பார்க்காது. மூட்டை சுமந்தவரின் கொல்லை காலியாகக் கிடக்கும். பக்கத்து மரத்தடியில் கூட்டம்.

நவம்பர் முதல் பாதி இணைசேரும் காலம். கொல்லையின் உண்மையான பயன் அப்போதுதான் புரியும். ஆண் மானுக்கு அப்போது சாப்பாட்டில் நாட்டமே இருக்காது. கொல்லைக்குப் பெண் மான்கள் வரும். பெண் மான்களைத் தேடி ஆண் மான் வரும். கொம்புப் படம் போட்டு விற்ற விதை, நேராகக் கொம்பனுக்குத் தீனி போடுவதேயில்லை.

இவ்வளவும் கூடிவந்த பிறகு கெடுப்பது பெரும்பாலும் வேட்டைக்காரரின் அவசரம்தான். கொல்லையில் மான் மேய்வதை, மரத்தில் கட்டிவைத்த கேமராவில் பார்த்துவிட்டுத் தினமும் போய் உட்காருவார். தென் கரோலைனாவில் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண் மான்களுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பரணில் உட்கார்ந்து போனபின், அந்தப் பரணைச் சுற்றியுள்ள இடத்தை மான்கள் மூன்று நாள் வரை தவிர்த்தன. உட்கார்ந்ததைவிட இறங்கிப்போவது பெரிய சிக்கல். இருட்டிவிட்டது, கீழே ஐந்தாறு மான்கள் மேய்கின்றன, எப்படி இறங்குவது? சத்தமில்லாமல் இறங்கினாலும் கண்டுபிடித்துவிடும். அப்புறம் அந்த மரமே அவற்றுக்கு எச்சரிக்கைப் பலகை. அதனால் நண்பரையோ வீட்டு ஆளையோ வண்டியை ஓட்டிவரச் சொல்வார்கள். டிராக்டரும் ஜீப்பும் மானுக்குப் பழக்கம். வண்டி வந்ததால் கலைந்தோம் என்று போகும். மேலே ஆள் இருந்தது தெரியாது.

விஸ்கான்சினில் நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். லட்சக்கணக்கானவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டையோடு காட்டுக்குள் இறங்குவார்கள். ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்கத்தான் அந்த நிறம். மானுக்கு அது மங்கலாகவே தெரியும். நீலத்தைத்தான் நன்றாகப் பார்க்கும். ஆரஞ்சுச் சட்டைக்குக் கீழே ஜீன்ஸ் போட்டுப் போகிறவர்களிடம் இதை யாராவது சொல்ல வேண்டும்.

கொட்டினால் குற்றம், விளைந்தால் விவசாயம்

ஒரு மூட்டை மக்காச்சோளத்தைக் காட்டில் கொட்டி, அருகில் வில்லோடு உட்கார்ந்தால் பல மாநிலங்களில் அபராதம். அதே மக்காச்சோளத்தை அங்கேயே விதைத்து, விளையவைத்து, அருகில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. மான் வாயில் போவது அதே தானியம்தான். டெக்சாஸில் அந்தக் கொட்டுதலும் சட்டப்படி சரி. நேரம் வைத்து மக்காச்சோளம் சிதறும் இயந்திரங்கள் பண்ணை பண்ணையாக நிற்கும். வாத்து வேட்டைக்கு மத்திய அரசின் விதி இன்னும் நுணுக்கம்: நிற்கிற பயிரின்மேல் வேட்டையாடலாம், அதே பயிரை வெட்டிச் சாய்த்துத் தானியத்தை உதிர்த்துவிட்டால் அது இரை போட்டதாகும், அங்கே சுடத் தடை. புறாவுக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது.

இந்தக் கோட்டைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது. மான்களின் மூளையை அரித்து, மெலியவைத்து, தவறாமல் கொல்லும் நோய். சி.டபிள்யூ.டி. என்பார்கள். 1967-இல் கொலராடோவின் ஆய்வுக்கூட மான்களில் முதலில் தென்பட்டது. வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. உருமாறிய ஒரு புரதம்தான் காரணம். எச்சில், சிறுநீர், சாணம் எல்லாவற்றிலும் வெளியேறும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரே குவியலில் பத்து மான்கள் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2002 தொடக்கத்தில் மவுண்ட் ஹோரெப் அருகே சுட்ட மூன்று மான்களில் இது உறுதியானபோது விஸ்கான்சின் அதிர்ந்துபோனது. அந்த வட்டாரத்து மான்களையே ஒழித்துக்கட்ட அரசு முயன்றது. நில உடைமையாளர்கள் ஒத்துழைக்கவில்லை, திட்டம் தோற்றது. இப்போது ஒரு கவுண்டியில் நோய் தென்பட்டால் அங்கே தீனி கொட்டுவதற்கு மூன்று ஆண்டு தடை.

கொல்லைக்குத் தடை இல்லை. கால் ஏக்கரில் பரவி மேய்வது குவியலில் முட்டிமோதுவதுபோல் ஆகாது என்பது வாதம். ஓரளவுக்கு உண்மை. ஆனால் மானைக் கூட்டுவதுதான் கொல்லையின் நோக்கமே என்னும்போது, கூட்டுவதால் வரும் ஆபத்து இதற்கு மட்டும் பொருந்தாது என்று அடித்துச் சொல்வது கொஞ்சம் வசதியான வாதம்.

எண்ணிக்கையும் அப்படித்தான். காட்டில் ஓக் கன்று தலைதூக்க முடியாமல் மேய்ந்து தீர்க்கும் மான் கூட்டத்துக்குத் தீனி கூட்டுகிறவர், அதே கொல்லையில் பெண் மான்களையும் சுட்டாக வேண்டும். கொம்புக்காகக் காத்திருந்து பெண் மான்களை விட்டுவிட்டால், சுண்ணாம்பு சுமந்தது காட்டை இன்னும் மொட்டையடிக்கத்தான். உணவு வங்கிக்கு இறைச்சி கொடுக்கும் ஏற்பாடு பல மாநிலங்களில் இருக்கிறது. உறைபெட்டி நிறைந்துவிட்டது என்ற சாக்கு எடுபடாது.

மானுக்கு உண்மையிலேயே தீனி சேர்க்க நினைப்பவருக்கு விதையைவிட ரம்பம் உதவும். நெருங்கி வளர்ந்த மரங்களில் சிலவற்றை அறுத்து, தரைக்கு வெயில் விட்டால், தானாக முளைக்கும் தளிரும் முட்புதரும் ஏக்கர் கணக்கில் மேய்ச்சலாகும். படுக்க இடமும் ஆகும். சுண்ணாம்பு வேண்டாம், உழவு வேண்டாம். மேய்ச்சல் காடு முழுக்கப் பரவிக் கிடந்தால் மானும் பரவி மேயும். ஓரிடத்தில் வந்து நிற்காது. காட்டுக்கு நல்லது. பரணில் இருப்பவருக்கு அது சரிப்படாது. அதனால் நிலம் வைத்திருப்பவர்களில் விவரமானவர்கள் இரண்டையும் செய்கிறார்கள்: மலை முழுக்க ரம்பம், காற்று ஒத்துவரும் ஒரு மூலையில் மட்டும் கால் ஏக்கர் க்ளோவர்.

சுட்ட மானின் தலையை, விஸ்கான்சினில் ஆங்காங்கே வைத்திருக்கும் பரிசோதனைப் பெட்டிகளில் பெயர், இடம் எழுதிய சீட்டோடு போட்டுவிட்டு வருகிறார்கள். முடிவு வரும் வரை இறைச்சி உறைபெட்டியில் இருக்கும். நோய் உறுதியானால் சாப்பிடாதீர்கள் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. எலும்பையும் குடலையும் கொல்லையிலேயே போட்டுவிட்டு வரக்கூடாது; அடுத்த ஆகஸ்டில் விதைக்கப் போவது அதே மண்ணில்தான்.